தொழிற்கூடத்துத் தீண்டாமையும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றைப் பலர் பலவாறு எழுதியிருக்கின்றனர். அரசியல் சட்டத்தை வகுத்த பேரறிஞர் என்று சிலர் போற்றுவர்; மகத் குளத்து நீரைத் தம் மக்களுக்கு உரிமையாக்கப் போராடிய வீரர் என்று சிலர் புகழ்வர்; புத்த தம்மத்தைப் பாரத நாட்டில் மீண்டும் நிலைபெறச் செய்தவர் என்று நாம் அவரை வணங்குகிறோம். இவை யாவும் உண்மையே. ஆயினும் அவ்வரலாற்றில் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. ஒரு மனிதன் வயிற்றுப் பிழைப்புக்காக உழைக்கப் போகும் இடத்தில், அவனுடைய பிறப்பைக் காட்டி அவனைக் கீழ்ப்படுத்தும் கொடுமையை அண்ணல் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றார் என்பதே அது. ஆலையிலும் சுரங்கத்திலும் காரியாலயத்திலும் நாள்தோறும் உழைக்கும் நம்மவர்க்கு அப்பகுதியை எடுத்துரைப்பது கடமையெனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

பிறந்த குலமும் விதித்த வேலையும்

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், படையில் சுபேதார் பதவி வகித்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கியவர். தாயார் பீமாபாய். அவ்விருவருக்கும் 14ஆவது மகவாகப் பிறந்தவர் அண்ணல். அவர்கள் மஹர் வகுப்பினர்.

மஹர் வகுப்பினருக்குக் கிராமம் விதித்திருந்த வேலை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அண்ணலின் பிற்காலப் போராட்டம் விளங்காது. ஊர்க்காவல் புரிதல், அரசாங்க ஓலை கொண்டு ஓடுதல், அதிகாரிகளின் மூட்டை சுமத்தல், செத்த மாட்டை இழுத்தகற்றல் ஆகியவை அவர்கள் தலைமேல் சுமத்தப்பட்டிருந்தன. இதற்கு வதன் என்று பெயர். கைம்மாறாகக் கிடைத்தவை சிறு துண்டு நிலமும், வீடு வீடாகச் சென்று வாங்கும் தானியமுமே. இரவென்றும் பகலென்றும் பாராமல் அழைத்தபோதெல்லாம் போயாக வேண்டும். தந்தை செய்த வேலையை மகன் செய்தாக வேண்டும். வேண்டாம் என்று உதறும் வழியில்லை.

இந்தச் சிறையிலிருந்து வெளியேற அம்மக்களுக்கு இருந்த ஒரு வாயில் படை. அங்கே சீருடையும் சம்பளமும் எழுத்தறிவும் கிடைத்தன. ஆனால் அண்ணல் கைக்குழந்தையாக இருந்த 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே, மஹர்களைப் படையிற் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. போர்க்குடியினர் என்றும் போர்க்குடியல்லாதார் என்றும் மனிதரைப் பிறப்பால் பிரித்த இனக்கொள்கை அக்காலத்தில் அரசாங்கத்தை ஆட்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் போர்க்களத்தில் நின்றவர்கள் ஒருநாளில் தகுதியற்றவர்கள் ஆயினர். ஆக, தொழில் வாயில் பிறப்பின் காரணமாக அடைபடுவது என்றால் என்ன என்பதை அண்ணல் புத்தகத்தில் படிக்கும் முன்னரே தம் குடும்பத்தில் கண்டார்.

பள்ளியிலும் அதே நிலை. மற்றப் பிள்ளைகளோடு அமர இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணிச்சாக்கின்மேல் தனியே அமர்ந்தார். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகன் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்து, பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த சால் ஒன்றில் ஓர் அறையில் குடியேறியது. சால் என்பது வரிசை வரிசையாக ஒற்றையறைகள் கொண்ட மாடிக் குடியிருப்பு. ஆலைச் சங்கின் ஓசையைக் கேட்டுக்கொண்டே அண்ணல் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை அளிக்க, 1913இல் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். அங்கிருந்து இலண்டன் சென்று உயர்கல்வி தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார்.

பரோடாவில் பட்ட பாடு

உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. சொன்ன சொல் தவறாமல் அண்ணல் பரோடாவுக்குச் சென்றார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற பொருளாதார அறிஞர். மன்னரின் ஆதரவு பெற்றவர். உயர்ந்த உத்தியோகத்துக்குப் பழக்கப்பட வந்தவர். இவருக்கு என்ன குறை நேரக்கூடும் என்று எவரும் எண்ணுவர். நேர்ந்தது என்ன?

காரியாலயத்தில் அவருக்குக் கீழே இருந்த சிப்பந்திகள் கோப்புகளைக் கையில் தராமல் தூர நின்று மேசைமேல் வீசினர். அவர் எழுந்து நடந்தால் தரைவிரிப்பைச் சுருட்டினர். குடிப்பதற்கு அங்கே அவருக்குத் தண்ணீர் கிடையாது. சம்பளத்தில் குறைந்த சேவகன், குலத்தைக் கொண்டு அதிகாரிக்கு மேலானவன் ஆனான். உத்தியோகத்தின் ஏணியும் சாதியின் ஏணியும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றபோது, சாதியின் ஏணியே வென்றது.

தங்குவதற்கும் இடமில்லை. தீண்டத்தகாதவர் என்று தெரிந்தால் எந்த விடுதியும் கதவு திறவாது. பார்சி வகுப்பினருக்கான விடுதி ஒன்றில், பார்சியின் பெயரைத் தரித்து, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்கினார். பழைய பலகைகளும் உடைந்த நாற்காலிகளும் அடைந்த மாடியில் தன்னந்தனியே இரவுகளைக் கழித்தார். பதினொராம் நாள் காலை, கழிகளை ஏந்திய பார்சிகள் சுமார் பன்னிருவர் மாடியேறி வந்து, அன்று மாலைக்குள் வெளியேற வேண்டுமென மிரட்டினர். அண்ணல் இரண்டு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, இவர் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்தவரான பிராமணர். பழைய ஆசாரத்தை விடாத தம் மனைவியைக் கேட்க வேண்டுமென்றார். பம்பாய்க்குப் புறப்படும் இரவு ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. அந்த ஐந்து மணி நேரத்தையும் காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் கழித்துவிட்டுப் பரோடாவைத் துறந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்நாளை நினைந்து எழுதியபோதும் அவர் கண்ணீர் சிந்தாமல் இருக்க முடியவில்லை. பட்டம் பெற்றால் இழிவு நீங்கும், பதவி பெற்றால் இழிவு நீங்கும் என்று நம்மில் இன்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற பெருமகனுக்கு ஒரு குவளை நீரும் ஒரு கூரையும் கிடைக்கவில்லை. தனி மனிதன் உயர்வதனால் மட்டும் தொழிலிடம் தூய்மையாகாது என்னும் பாடத்தை அண்ணல் அன்று கற்றார்.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். மாணவர்கள் அவர் சொற்பொழிவை விரும்பிக் கேட்டனர். ஆனால் ஆசிரியர் அறையிலிருந்த பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சக பேராசிரியர் சிலர் மறுப்புக் கூறினர். படியாத சேவகனின் பரோடாவும் படித்த பேராசிரியரின் பம்பாயும் இவ்விஷயத்தில் ஒன்றாகவே இருந்தன. சம்பளத்தைச் சேமித்துக்கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட படிப்பை முடித்து, டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923இல் திரும்பினார். அதன்பின் அவர் வழக்கறிஞராக வாழத் தலைப்பட்டதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும்.

நெசவுப் பகுதியின் அடைத்த கதவு

1927இல் அண்ணல் பம்பாய்ச் சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் மகத் நகரத்துச் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார். அடுத்த ஆண்டிலேயே வதன் என்னும் பரம்பரை அடிமை வேலையைத் திருத்த மசோதா கொணர்ந்தார். கிராம மஹர்களின் வேலைக்கு வரையறை வேண்டும், கூலி தானியப் பிச்சையாக இல்லாமல் முறையான ஊதியமாக வேண்டும், விரும்பாதவர் விலகும் உரிமை வேண்டும் என்பது அதன் நோக்கம். எதிர்ப்பு மிகுந்ததால் அம்மசோதா அன்று நிறைவேறவில்லை. பம்பாய் அரசு அந்த வதன்களை ஒழிக்கச் சட்டம் இயற்றியது 1958இல்தான். அப்போது அண்ணல் உயிரோடில்லை. ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் ஊதியத்துடன் ஓய்வு தர வேண்டுமென்ற மசோதாவையும் 1928 ஜூலையில் சபையில் ஆதரித்துப் பேசினார்.

அதே 1928ஆம் ஆண்டில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. பொதுவுடைமைத் தலைவர்கள் நடத்திய கிர்ணி காம்கார் சங்கம் முன்னின்றது. தொழிலாளர் யாவரும் ஓரினம் என்று மேடைதோறும் முழங்கினர். ஆனால் ஆலைக்குள்ளே இருந்த நிலை வேறு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் நூற்புப் பகுதியில் குறைந்த கூலி வேலைக்கு மட்டுமே ஏற்கப்பட்டனர். அதிகக் கூலி கிடைக்கும் நெசவுப் பகுதியில் அவர்கள் கால் வைக்கக் கூடாது.

காரணம் என்ன? தறியை அறியாதவர்க்கு அது விளங்க வேண்டும். அடியேன் பல்லாண்டு ஆலையில் உழைத்தவன். ஆதலால் சொல்லக் கூடும். பாவு நூலின் ஊடே குறுக்காக ஓடுவது நாடா. அதன் வயிற்றில் ஊடை நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தி, புதிய தாரைச் செருகி, அதன் நூல் நுனியை நாடாவின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே வெளியே கொணர வேண்டும். இதற்குக் கருவி தேடும் நேரம் தொழிலாளிக்குக் கிடையாது. துண்டுக்கூலி அவனைத் துரத்தும். எனவே துளையில் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுப்பான். நூல் வந்துவிடும், பஞ்சுத் தூசியும் கூட வரும். ஒரு நாளில் எத்தனையோ முறை இப்படிச் செய்தாக வேண்டும். ஒரே நாடாவை இன்று ஒருவன் வாயில் வைப்பான். நாளை மற்றொருவன் வைப்பான். தீண்டத்தகாதவன் வாய் பட்ட நாடாவில் தன் வாயை வைத்தால் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துத் தொழிலாளர் கூறினர். இதுவே அந்தக் கதவை அடைத்த தாழ்.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். பிறர் எச்சிலோடு கூடிய நாடாவினால் நோய் பரவும் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. காசநோய் கண்டவனின் எச்சிலை ஏற்றனர். குலத்தால் ஒதுக்கப்பட்டவனின் எச்சிலை மட்டும் ஏற்க மறுத்தனர். முதலாளியிடம் ஒரே வகையான வசவை வாங்கி, ஒரே வட்டிக்கடைக்காரனிடம் கடன்பட்டு, ஒரே தெருவின் அறைகளில் அடைந்து கிடந்தவர்கள், தம்மினும் தாழ்ந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில் ஆறுதல் கொண்டனர். அந்த ஆறுதலோடு நல்ல கூலியும் தம் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டனர்.

அண்ணல் சங்கத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார். முதலாளிகளிடம் தரும் கோரிக்கைப் பட்டியலில், நெசவுப் பகுதி எல்லார்க்கும் திறக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். இன்றேல் ஒடுக்கப்பட்ட தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் சேராதிருக்கச் சொல்லுவேன் என்றார். தலைவர்கள் தயங்கித் தயங்கிச் சேர்த்தனர். பட்டியல் முதலாளிகள் முன் வந்தபோது, இது அநீதியானால் இதற்குக் காரணம் நாங்கள் அல்லவே என்று அவர்கள் கைகழுவினர். அந்த விடையைக் கேட்டுத் தொழிற்சங்கம் தலைகுனிய வேண்டியதாயிற்று. ஏனெனில் அது பொய்யன்று. கதவை முதலாளி பூட்டவில்லை. சக தொழிலாளியே பூட்டினான். பூட்டிய கதவினால் மலிவான கூலியாட்கள் தமக்குக் கிடைப்பதை அறிந்து முதலாளி வாளாவிருந்தார். இருவர் பாவமும் அதில் கலந்திருந்தது.

1929இல் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டபோது அண்ணல் அதனை ஆதரிக்கவில்லை. முந்தைய ஆண்டின் நெடிய பட்டினியால் ஏழைத் தொழிலாளர், அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்டோர், கடனில் மூழ்கியிருந்தனர். தொழிலாளரின் வயிற்றை விட அரசியல் நோக்கமே தலைவர்களுக்குப் பெரிதாயிருப்பதாக அவர் கருதினார். அவரைத் தொழிலாளர் பகைவர் என்று தூற்றியவர்களும் உண்டு. ஆனால் தன்னைத் தறியருகே விடாதவனுக்காக ஒருவன் தன் பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டும் என்று கேட்பதற்கு முன், அவனுக்குத் தறியருகே இடம் தர வேண்டாமா? அண்ணல் கேட்டது இவ்வளவே. ஒற்றுமை வேண்டாம் என்று அவர் கூறவில்லை. நீதியின்மேல் கட்டாத ஒற்றுமை நில்லாது என்றே கூறினார்.

இரு பகைவர்

1936 ஆகஸ்டில் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். ஒடுக்கப்பட்டோர் மட்டுமன்றி உழைப்பாளர் அனைவர்க்குமான கட்சியாக அதனை அமைத்தார். 1937 தேர்தலில் பம்பாய்ச் சபையில் அது வலுவான இடம் பெற்றது. கொங்கணப் பகுதியில் உழவரை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க அதே ஆண்டில் மசோதா கொணர்ந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர், சாதி வேற்றுமையின்றி, அவர் தலைமையில் பம்பாய்ச் சட்டசபையை நோக்கி நடந்தனர்.

அடுத்த மாதம் மன்மாட் நகரில் ரயில்வேயிலுள்ள ஒடுக்கப்பட்ட தொழிலாளரின் மாநாடு கூடியது. அங்கே தலைமை தாங்கிய அண்ணல், இந்நாட்டுத் தொழிலாளிக்குப் பகைவர் இருவர் என்றார். ஒன்று பிராமணியம், மற்றொன்று முதலாளித்துவம். பிராமணியம் என்று தாம் கூறுவது ஒரு வகுப்பாரின் செல்வத்தையோ அதிகாரத்தையோ அன்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனப்பான்மையையே அவ்வாறு குறிப்பதாகவும், அம்மனப்பான்மை எல்லா வகுப்பாரிடத்தும் ஊறிக் கிடப்பதாகவும் விளக்கினார்.

அதற்கு ரயில்வேயிலிருந்தே சான்று காட்டினார். ஒடுக்கப்பட்டோர் தண்டவாளம் செப்பனிடும் காங்மேன் வேலையிலேயே ஆயுள் முழுவதும் கழிக்கின்றனர். போர்ட்டர் வேலைகூட அவர்களுக்கு எட்டுவதில்லை. ஏனெனில் போர்ட்டராக வருபவன் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். தீண்டத்தகாதவனை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். பட்டறைகளிலும் உதவியாளராகவே நிறுத்தப்பட்டனர், உயர்வு கிடைப்பதில்லை. வேலை தருவதற்கும் மறுப்பதற்கும் திறமை அளவுகோலாக இல்லை. அதிகாரியின் அடுக்களைத் தீட்டே அளவுகோலாக இருந்தது. இத்தகைய அநீதியைக் கேட்காமல் கூலி உயர்வை மட்டும் கேட்கும் சங்கம் பாதிச் சங்கமே என்பது அவர் உரையின் சாரம்.

அவர் தொழிலாளர் பகைவர் அல்லர் என்பதற்கு 1938 நவம்பர் 7ஆம் நாள் சாட்சி கூறும். வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, பத்தாண்டுகளுக்கு முன் மாறுபட்டு நின்ற பொதுவுடைமையாளருடன் கைகோத்து, பம்பாயில் ஒருநாள் பொது வேலைநிறுத்தம் நடத்தினார். வேலை செய்ய மறுக்கும் உரிமை இல்லாதவன் அடிமையே என்பதைச் சட்டசபையில் எடுத்துரைத்தார். தலைமுறை தலைமுறையாக வேலையை மறுக்க இயலாதிருந்த குலத்தில் பிறந்தவர்க்கு அந்த உரிமையின் அருமை மற்றவரை விட நன்கு தெரியும்.

அமைச்சர் இருக்கையில்

1942 ஜூலை முதல் 1946 வரை அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழில்துறை உறுப்பினராக, இன்றைய வழக்கிற் சொன்னால் தொழிலாளர் அமைச்சராக, விளங்கினார். அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் மாநாட்டு முறை அக்காலத்தில் வேரூன்றியது. நிரந்தர ஆலைத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு 1945இல் சட்டத்திருத்தம் வந்தது. வாரத்துக்கு 54 மணி நேரமாயிருந்த ஆலை வேலை, 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணி நேரமாகக் குறைந்தது. இன்று எட்டு மணி நேரம் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, தன் பிள்ளையின் முகத்தை விழித்த நிலையில் காண்பதற்கு இந்தத் திருத்தத்துக்கும் பங்குண்டு.

1943 டிசம்பரில் ஜாரியா நிலக்கரிப் பகுதிக்குச் சென்று, சுரங்கத்தினுள்ளே இறங்கி, வேலையை நேரிற் கண்டார். அடுத்த மாதமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கு அவசரச் சட்டம் பிறந்தது. போர்க்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டிப் பெண்களைச் சுரங்கத்தடியில் இறக்கும் தடையை அரசு 1943இல் நீக்கிற்று. அமைச்சர் என்ற முறையில் அந்த முடிவின் பாரம் அண்ணல் மேலும் விழுந்தது, கண்டனமும் எழுந்தது. அது தற்காலிக ஏற்பாடே என்று உறுதி கூறி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை வலியுறுத்தினார். 1946இல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மாசற்ற முடிவுகளை மட்டுமே எடுக்கும் வாய்ப்பு ஆட்சியில் எவர்க்கும் வாய்ப்பதில்லை. அண்ணலுக்கும் வாய்க்கவில்லை என்பதை மறைக்காமற் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

1942 அக்டோபரில் ஒடுக்கப்பட்டோரின் குறைகளை விரிவாக எழுதி வைசிராயிடம் அளித்தார். அதன் பயனாக, 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் நேரடியாக நியமிக்கும் இடங்களுள் 100க்கு 8⅓ விழுக்காடு அட்டவணை வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ ஆக உயர்ந்தது. முன்னர் மஹர்களுக்கு அடைபட்ட படையின் வாயிலும், 1941இல் மஹர் படைப்பிரிவு அமைந்தபோது மீண்டும் திறந்திருந்தது. பரோடாவில் ஒருவனாக நுழைந்து ஒருவனாகத் துரத்தப்பட்ட அண்ணல், இனி நம்மவர் பலராக நுழைய வழி செய்தார். ஒருவன் நுழைந்தால் அவன் தண்ணீரின்றித் தவிப்பான். பலர் நுழைந்தால் பானையின் சட்டமே மாறும்.

நாடு கடந்த உறவு

இக்கொடுமை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அண்ணல் நன்கறிந்திருந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்கள் கடைநிலை வேலைகளில் நிறுத்தப்பட்டனர். வெள்ளைத் தொழிலாளரின் சங்கங்கள் பல அவர்களைச் சேர்க்க மறுத்தன. நெசவுப் பகுதியின் கதவு அங்கே நிறத்தின் பெயரால் அடைபட்டிருந்தது. 1946இல் கறுப்பின மக்கள் தங்கள் உரிமைக்காக ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பம் செய்ததை அறிந்து, அவர்களின் பேரறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் அவர்களுக்கு அண்ணல் கடிதம் எழுதி விண்ணப்பத்தின் படியை வேண்டினார். அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் இந்தியத் தீண்டத்தகாதார் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். டுபாய்ஸும் பரிவோடு விடையளித்தார். இரு கண்டங்களில் ஒரே துயரம் சுமந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

சட்டமும் தம்மமும்

1947 ஆகஸ்ட் 29ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தது. அண்ணல் அதன் தலைவரானார். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசுப் பணியில் எல்லாக் குடிமக்களுக்கும் சமவாய்ப்பு அளிக்கிறது. மதம், இனம், சாதி, பால், பரம்பரை, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் ஒதுக்குவதைத் தடுக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. இவற்றைப் படிக்கும்போது, வீசியெறிந்த கோப்பும், ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையும், நெசவுப் பகுதிக் கதவும், வதன் வேலையும் நம் கண்முன் தோன்றவில்லையா? இச்சட்டம் பலர் கூடி ஆக்கியது. எனினும் அதன் தலைமை வரைவாளர் இவற்றையெல்லாம் உடலாலும் உள்ளத்தாலும் பட்டறிந்தவர்.

ஆனால் சட்டத்தால் கதவைத் திறக்கலாமேயன்றி, கதவருகே நிற்பவனின் மனத்தைத் திறக்க இயலாது. 1928இல் நாடாவைத் தர மறுத்தவன் அரக்கனல்லன், அவனும் ஏழையே. அவன் உள்ளத்தில் ஏறியிருந்த தீட்டை எந்த நீதிமன்றம் இறக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியே அண்ணல் ததாகதரை அடைந்தார். பகவானின் சங்கத்தில், சாக்கிய இளவரசர்க்கு முடிதிருத்திய உபாலி அவ்விளவரசர்களுக்கு முன்பாகத் துறவு பெற்றார். பின்வந்த இளவரசர் அவரை வணங்கினர். குப்பை அள்ளிய சுனீதர் பிக்குவாகி அருகதர் ஆனார். செய்யும் தொழிலைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தாத அறநெறி, நல்வாழ்வூதியத்தை எண்வகை மார்க்கத்தில் ஓர் அங்கமாக வைத்த அறநெறி, இம்மண்ணில் தோன்றிய அறநெறி அதுவே எனக் கண்டார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் வணக்கத்துக்குரிய சந்திரமணி மகாதேரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். லட்சக்கணக்கான மக்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். அவ்வூர்ப் பஞ்சாலைகளில் உழைத்த தொழிலாளர் பலரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் அண்ணல் பரிநிர்வாணம் எய்தினார்.

தம்மத்தைத் தழுவிய அந்த எளியவர்கள் அதற்கு விலையும் கொடுத்தனர். பௌத்தராகப் பதிவு செய்தவர்கள் அட்டவணை வகுப்பினர்க்குரிய மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டை இழந்தனர். 1990இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அவ்வுரிமை அவர்களுக்குத் திரும்பிற்று. இடைப்பட்ட 34 ஆண்டுகளில், வேலையா தம்மமா என்ற கேள்வி எத்தனை குடும்பங்களின் முன் நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்று ஆலைகளில் நாடாவற்ற தறிகள் ஓடுகின்றன. வாயால் நூலை உறிஞ்சும் வழக்கம் பெரிதும் மறைந்தது. ஆனால் கழிவுக்குழியில் இறங்கி மூச்சடைத்து மாள்கின்றவர் எந்தக் குலத்தவர் என்று கேளுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. அக்குழிகளில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சாவும் நின்றபாடில்லை. பரம்பரை வேலை என்னும் வதன் பெயர் மாறி வாழ்கிறது.

ஆகவே, அன்பர்களே, ஒன்று வேண்டுகிறேன். நாளைக் காலை நீங்கள் வேலைக்குச் செல்லும் இடத்தில் மூன்றைக் கவனியுங்கள். தண்ணீர் எல்லாரும் ஒரே குவளையில் குடிக்கிறார்களா? அழுக்கான வேலை ஒரே குலத்தார் தலையில் விழுகிறதா? உயர்வு வரும்போது எவர் பெயர் விடுபடுகிறது? அண்ணல் தம் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்விகள் இவையே. நமக்கு இழைக்கும் அநீதியைக் கண்டு கொதிப்பது எளிது; நமக்கும் கீழே நிற்கும் ஒருவனுக்கு நாமே அடைத்திருக்கும் கதவைக் காண்பது அரிது. அதைக் கண்டு திறப்பவனே அண்ணலின் வழி நடப்பவன்.

சப்பே சத்தா பவந்து சுகிதத்தா. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க.